மேனேஜரின் அலகு

என் அண்ணி ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத ஒரு அறை அவருடையது. கை முறிந்தவர், இருமல் நிற்காதவர், நாணயத்தை விழுங்கிவிட்ட குழந்தை என்று நாள் முழுக்க ஆட்கள் வந்தபடியே இருப்பார்கள். ஒவ்வொருவரையும் தோளைத் தொட்டுத் திருப்பி நிறுத்தி, "மூச்சை இழுங்க, அப்படியே இருங்க" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தி, "அவ்வளவுதான், விடுங்க" என்பார். வலியோடு வருகிறவர்கள்கூட அந்த ஒரு நொடிக்கு ஆடாமல் நின்றுவிடுவார்கள். அதட்டியெல்லாம் இல்லை. அந்தக் குரலைக் கேட்டால் பக்கத்தில் இருப்பவனுக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும்.

ஆஸ்பத்திரியின் பின்வாசலைத் தாண்டித் தெருவைக் கடந்தால் ஒரு பூங்கா. நடுவில் குளம், குளத்துக்குள் சில மரங்கள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு திட்டு, சுற்றிலும் நடைபாதை, இரும்புக் கம்பி வேலி. ஒரு பக்கம் பேருந்துகள் உறுமும். மறுபக்கம் வங்கிக் கட்டடத்தின் கண்ணாடிச் சுவர் வெயிலைத் திருப்பி அடிக்கும். இந்த இடத்தில் காக்கையையும் புறாவையும் தவிர வேறு எதற்கு வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அண்ணி மட்டும் யாரோ உபயோகித்த பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு, வேலைக்குப் போகுமுன் தினமும் அங்கே போய் உட்கார்ந்து பல வருஷங்களாகியிருந்தன.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் சர்க்கரை. ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பது என் வேலை. ஊரில் உள்ள ஃப்ரிட்ஜெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டுதான் கெட்டுப்போகிறது என்பதுபோல மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை திட்டு வாங்குவேன். மாற்றலாகி வந்து அண்ணன் வீட்டு மாடி அறையில் தங்கியிருந்தபோது, டாக்டர் தினமும் நடந்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் தனியாக நடக்கிற ஜாதி இல்லை என்று அண்ணனுக்குத் தெரியும். அண்ணியோடு போய்க் கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு நட என்று அனுப்பிவைத்தான். இப்படியாகக் கொழுந்தன் பதவியோடு சுமைகூலிப் பதவியும் சேர்ந்துகொண்டது.

இதில் ஒரு வேடிக்கை, அண்ணி நடக்கவே மாட்டார். மற்ற படக்காரர்கள் பறவை எங்கே எங்கே என்று பூங்காவைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அண்ணி ஒரு இடத்தைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். பறவை வந்தால் மெல்லிய குரலில், "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க... முகத்துல வெளிச்சம் விழட்டும்... அவ்வளவுதான்" என்று அதனிடம் பேசுவார். நீங்க, வாங்க என்ற மரியாதையெல்லாம் உண்டு. தாழைக்கோழிக்கு எதற்கு இத்தனை மரியாதை என்று நான் கேட்டதற்கு, முன்பின் தெரியாதவர்களை நீ, வா என்று கூப்பிட்டுப் பழக்கமில்லை என்றார்.

முதலில் எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நாள் அவர் எடுத்த அணில் படத்தைப் பார்த்தேன். பூங்காவின் மூலையில் சரியாக மூடாத ஒரு குழாய். அதன் மேல் தலைகீழாகத் தொங்கும் அணில். குழாயை விட்டுக் கிளம்பிய ஒரே ஒரு துளி, அந்தரத்தில். அதைப் பிடிக்க நீண்டிருக்கும், அரிசிமணி அகலம்கூட இல்லாத சிவந்த நாக்கு. அந்தக் குழாயில் நான் தினமும் கை கழுவியிருக்கிறேன். அணில் அங்கே தண்ணீர் குடிக்கும் என்பது எனக்குத் தெரியாது, அணிலுக்கு நாக்கு உண்டு என்பதையும் அன்றுதான் யோசித்தேன். அதன்பிறகு கிண்டல் குறைந்தது. முதுகில் குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு நீந்தும் முக்குளிப்பானை அவர்தான் எனக்குக் காட்டினார். தாயின் இறக்கைக்குள்ளிருந்து வரிவரியாகக் கோடு போட்ட மூன்று தலைகள் எட்டிப் பார்த்ததும், எனக்கு அன்றைய வேலைக்குப் போகவே மனமில்லை.

அந்தக் குளத்தின் ராஜா சாம்பல் நாரை. நிமிர்ந்தால் என் இடுப்பைத் தாண்டும் உயரம். வெள்ளைக் கழுத்தில் மை சிந்தியதுபோல கறுப்புக் கோடுகள், பின்னந்தலையில் காற்றில் ஆடும் இரண்டு கறுப்பு இறகுகள், கட்டாரி மாதிரி மஞ்சள் அலகு. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதுபோல் ஆழமில்லாத தண்ணீரில் மணிக்கணக்காக நிற்கும். பிறகு கழுத்து பாய்வது கண்ணுக்குத் தெரியாது. அலகில் மீன் துள்ளுவது மட்டும்தான் தெரியும். அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்தவர் குளத்துக்காரர். குளத்தில் விழும் இலையையும் பாட்டிலையும் நீளக் கம்பு வலையால் அள்ளி எடுக்கும் பூங்கா ஊழியர் அவர். முழங்கால் வரை பச்சை ரப்பர் பூட்ஸ் போட்டுத் தண்ணீரில் இறங்குவார். அதிகம் பேசமாட்டார். யாரோ பெயர்க்காரணம் கேட்டதற்கு, தான் வேலை செய்யும்போது ஒரு துரும்பும் அசைக்காமல் நின்று பார்த்துக்கொண்டே இருப்பதால் மேனேஜர் என்று சொன்னாராம்.

படக்காரர்களில் மூத்தவர், ஓய்வுபெற்ற பாங்க் அதிகாரி ஒருவர். அவருடைய லென்ஸ் ஒரு கைக்குழந்தை நீளம் இருக்கும். அதனால் அவருக்குப் பெயர் 'பீரங்கி'. நேருக்கு நேரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மேனேஜரை அவரைப்போல எடுக்க ஆளில்லை. பனி விலகும் நேரம், அலை அலையாகப் பின்னால் வெளிச்சம், ஒற்றை நாரை. பார்த்தால் ஏதோ காட்டுக்குள் ஆளே இல்லாத ஏரியில் எடுத்தது போலிருக்கும். பேருந்து நிலையத்துக்கு இந்தப் பக்கம் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் எனக்கு விடுமுறை. அண்ணி காலையில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தான். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இரவும் பகலும் மேலும் கீழும் போய்வருவதால் வீட்டில் ஒரு இடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைதான் அவனுக்குப் பிடிக்கும்.

அண்ணி ஒரு படத்தில் நின்றுவிட்டார். மேனேஜரின் முகம் திரை முழுக்க இருந்தது. மஞ்சள் கண், அதற்கு மேல் கறுப்புப் பட்டை, அலகு. அலகின் நடுவில் குறுக்காக ஒரு கோடு. அண்ணன் திரையில் முடி ஒட்டியிருக்கிறது என்று துணியால் துடைத்தான். கோடு போகவில்லை.

அண்ணி அடுத்த படத்தைப் போட்டார். அதிலும் கோடு இருந்தது. முந்தின நாள் படத்திலும் இருந்தது. அதற்கும் முந்தைய படங்களில் இல்லை. அவர் முகம் மாறிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவர் இப்படித்தான் எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பார் என்று அப்போது எனக்குப் புரிந்தது. மயிரிழை மாதிரி எலும்பில் ஓடும் முறிவை வெளிச்சத்தில் தேடித் தேடிப் பழகிய கண்.

"தூண்டில் நரம்பு," என்றார். "ரெண்டு சுத்து சுத்தியிருக்கு. வாயே திறக்க முடியாது தம்பி. ரெண்டு நாளா இவர் சாப்பிடல."

குளத்தில் மீன் பிடிக்கக் கூடாதென்று பலகை உண்டு. பலகைக்கு அடியிலேயே உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்களும் உண்டு. அறுந்த நரம்பு எதையும் தண்ணீர் காட்டிக்கொடுக்காது. அண்ணன் மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு, நாளைக்குக் காலையிலேயே யாரிடமாவது சொல்லிவிடு என்றான். அண்ணி, சொல்லத்தான் போகிறேன் என்றார். எக்ஸ்ரே அறையில் என்ன தெரிந்தாலும் அவர் சொல்லக் கூடாது. என்ன இருக்கிறது என்று நோயாளி கேட்டால், டாக்டர் சொல்வார் என்றுதான் சொல்லவேண்டும். சொல்ல முடியாமல் எத்தனை முகங்களைப் பார்த்து அப்படிச் சிரித்து அனுப்பியிருப்பார் என்று நினைத்தபோது எனக்கு என்னவோ போலிருந்தது.

மறுநாள் காலை படத்தைக் கண்டதும் பீரங்கி நம்பவில்லை. தன் லென்ஸுக்குத் தெரியாதது அண்ணியின் பழைய கேமராவுக்குத் தெரியுமா என்ற சந்தேகம் அவருக்கு. பீரங்கியைத் திருப்பிக் குறி வைத்துப் பார்த்தார். நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தபோது முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை நாளாக வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். கால்நடை மருத்துவரைத் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் பேசியதும் அவர்தான்.

மருத்துவர் ஓர் இளம்பெண். காட்டுப் பறவைகளுக்கு வைத்தியம் பார்த்துப் பழக்கமுள்ளவர். இரண்டு உதவியாளர்கள், ஒரு ரப்பர் படகு, பெரிய வலை என்று வந்து இறங்கினார். நாரை பறக்க முடியாமலிருந்தால் பிடிப்பது சுலபம், இது நன்றாகப் பறக்கிறது, அதுதான் சிக்கல் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் சொன்னபடியே ஆயிற்று. படகு கிளம்புமுன் மேனேஜர் பெரிய இறக்கையை விரித்து, கழுத்தை மடக்கி, காலைப் பின்னால் நீட்டிக்கொண்டு நிதானமாகப் பறந்து திட்டின் உச்சி மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கரையில் கண்ணி வைத்தார்கள். அதைச் சுற்றி நடந்து போனது. மறுபடி படகு, மறுபடி மரம்.

இதற்குள் படம் பல பேர் கைக்குப் போய்விட்டது. வாய் கட்டப்பட்ட நாரையைப் பார்க்கக் கூட்டம் வந்தது. நல்ல மனதோடுதான் வந்தார்கள். சிலர் மீன் வாங்கி வந்து கரையில் வைத்தார்கள், வாய் திறக்க முடியாததற்கு மீன் எதற்கு என்று யாரும் யோசிக்கவில்லை. கூட்டம் கம்பி வேலியோரம் நகரும்போதெல்லாம் மேனேஜர் பறந்தது. பறக்கும் ஒவ்வொரு தடவையும் உடம்பில் மிச்சமிருந்த தெம்பு போய்க்கொண்டிருந்தது. நெஞ்சு எலும்பு இறகுக்கு மேலே துருத்த ஆரம்பித்ததை அண்ணி படத்தில் காட்டினார். இன்னும் சில நாட்களில் அதுவாகவே விழும், அப்போது பிடித்துவிடலாம், ஆனால் பிழைக்குமா என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

அன்று வீட்டுக்கு வந்தும் அண்ணி கேமராவையே கட்டிக்கொண்டிருந்தார். மேனேஜர் எங்கே நிற்கிறது, எப்போது இறங்குகிறது, எதைக் கண்டு பறக்கிறது என்று பழைய படங்களில் தேடினார். நானும் வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணி ஒரு படத்தை முடித்து வைக்கும்போது சுற்றிலும் வேண்டாததை வெட்டிவிடுவது வழக்கம். குப்பைத்தொட்டி, வேலிக் கம்பி, யாருடைய கையோ காலோ எல்லாம் போய்விடும். எல்லாப் படக்காரர்களும் அப்படித்தான் செய்வார்கள். அன்றைக்கு அவர் வெட்டாத மூலப்படங்களைத் திறந்தார்.

முதல் படத்தில், நாரைக்கு வலது பக்கம், கண்ணுக்கு உறுத்துகிற ஒரு பச்சை. மங்கலாகத்தான் தெரிந்தது. அடுத்ததில் அதே பச்சையும் ஒரு கம்பின் நுனியும் இருந்தன. இன்னொன்றில் இடது பக்கம் ஒரு முழங்கால். நான்தான் அது பூட்ஸ் என்று சொன்னேன்.

அண்ணி வேகவேகமாக அடுத்தடுத்துத் திறந்தார். போன மாதம், அதற்கு முந்தின மாதம், மழைக்காலம். மேனேஜர் அசையாமல் நிதானமாக நிற்கும் நல்ல படங்கள் அத்தனையிலும், ஓரத்தில், ஒரு கம்பு தூரத்தில் குளத்துக்காரர் இருந்தார். அவர் வலையை இழுக்கும்போது அடியில் ஒளிந்திருக்கும் சின்ன மீன் கலைந்து ஓடும். அதைப் பிடிக்கத்தான் மேனேஜர் அவர் பின்னாலேயே போகும். எங்கள் எல்லோரையும் கண்டால் பறக்கிற நாரை, அவர் பக்கத்தில் மட்டும் நின்றிருக்கிறது. அதுவும் பல வருஷமாக.

"இத்தனை படத்துலயும் இவர் இருந்திருக்கார் தம்பி," என்றார் அண்ணி. "நான்தான் ஒவ்வொரு தடவையும் வெட்டி எடுத்துட்டேன்."

மறுநாள் நாங்கள் போனபோது குளத்துக்காரர் வலையைக் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணி விஷயத்தைச் சொல்லி, மேனேஜரை அவர்தான் பிடித்துத் தரவேண்டும் என்றார். மருத்துவரும் கூட இருந்தார். குளத்துக்காரர் முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டார். அலகு கண்ணில் குத்திவிடும் என்று பயப்படுகிறாரோ என்று நினைத்து, கண்ணாடி தருகிறோம், கையுறை தருகிறோம் என்றார் மருத்துவர். அவர் வலையில் ஒட்டிய பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வேலைக்கு ஏதும் பிரச்சினை வருமோ என்று நான் கேட்டேன். வலையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைக் கழுவினார்.

அண்ணி ஒன்றும் கேட்காமல் குளத்தின் படியில் உட்கார்ந்துகொண்டார். பறவைக்குக் காத்திருப்பதுபோலவே உட்கார்ந்திருந்தார். வலை கழுவி முடிந்ததும் குளத்துக்காரரே பேசினார்.

"அது வேற யார் பக்கத்துலயும் நிக்காதும்மா. என் பக்கத்துலதான் நிக்குது. அதைப் போய் நான் புடிக்கறதா?"

"புடிச்சா உங்களை வெறுத்துடும்," என்றார் அண்ணி. "அப்புறம் உங்க பக்கத்துல வரவே வராது. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனா உயிரோட இருக்கும்."

குளத்துக்காரர் திட்டின் பக்கம் பார்த்தார். மரத்தில் மேனேஜர் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, நனைந்த குடையைச் சாத்திவைத்தது போல் உட்கார்ந்திருந்தது. பிறகு, எப்படிப் பிடிக்கவேண்டும் என்று கேட்டார்.

அதன்பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். எங்கள் வீட்டு நீளக் குடைதான் நாரை. நான் அதை இடுப்புயரத்தில் பிடித்துக்கொண்டு பூங்காவின் பின்பக்கக் கொட்டகையில் நிற்கவேண்டும். குளத்துக்காரர் வலையை வழக்கம்போல் இழுத்து வந்து, தூக்கி, குடை மேல் கவிழ்த்து, ஒரே தாவலில் கைப்பிடிக்குக் கீழே பிடிக்கவேண்டும். முதலில் தலைக்குப் பின்னால் கழுத்து, பிறகு இறக்கை, பிறகுதான் கால் என்று மருத்துவர் வரிசை சொல்லிக்கொடுத்தார். குழந்தைகளை எக்ஸ்ரேக்குப் பிடிப்பது எப்படி என்று அண்ணி காட்டினார். இறுக்கவும் கூடாது, தளர்த்தவும் கூடாது, பிடித்த கை நடுங்கினால் அவர்களும் நடுங்குவார்கள் என்றார். குடை இரண்டு தடவை விரிந்துகொண்டது. மூன்றாவது தடவை என் மூக்கில் பட, நான் கூப்பாடு போட்டேன். நாரை இவ்வளவு பேசாது என்று குளத்துக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்குத்தான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

இலை அள்ளும் வலை தட்டையானது, நாரை துள்ளி வெளியே வந்துவிடும் என்றார் மருத்துவர். புது வலை வாங்கினால் அது அந்நியமாகத் தெரியும். வலையை அண்ணன் வீட்டுக்கு எடுத்துவந்து, அதே சட்டத்தில், அதே பழைய கம்பில், உள்ளே ஆழமாகப் பை போல இன்னொரு வலையைத் தைத்தான். புதிதாகத் தெரியாமலிருக்கக் குளத்துச் சேற்றைப் பூசிக் காயவைத்தான். வீடே நாறியது. அண்ணி சன்னல்களைத் திறந்து வைத்தார்.

கூட்டத்தை என்ன செய்வது என்பதுதான் பாக்கி. அதைப் பீரங்கி பார்த்துக்கொண்டார். விடிந்ததும் வாசலில் நின்று, வருகிற படக்காரர்களை ஒவ்வொருவராக நிறுத்திப் பேசினார். இது எல்லோரும் எடுக்க ஆசைப்படுகிற படம், எனக்கும் ஆசைதான், எனக்கு இருக்கிற ஆசை உங்கள் யாருக்கும் இருக்காது, ஆனாலும் இன்றைக்கு யாரும் போகவேண்டாம் என்றார். சொல்லிவிட்டுத் தன் கேமராவைப் பைக்குள் வைத்துப் பையைப் பூட்டினார். அதைப் பார்த்தபிறகு யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. புதர் வேலிக்குப் பின்னால், வாசலை ஒட்டி, எல்லோரும் கும்பலாக நின்றார்கள். நான், அண்ணி, மருத்துவர் மூவரும் கொட்டகைக்குள். அண்ணியின் கேமராவும் மூடியோடு என் தோளில்தான் தொங்கியது.

குளத்துக்காரர் தினமும் செய்வதுபோலவே செய்தார். பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கி, கரையோரம் வலையை இழுத்து, இலையை அள்ளி, கரையில் கொட்டினார். மறுபடி இழுத்தார். என் கூலிங் கிளாஸைக் கண்ணுக்குப் போட்டிருந்தார் என்பது ஒன்றுதான் வித்தியாசம். மேனேஜர் மரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு தடவை இறக்கையை விரித்து மறுபடி மடக்கிக்கொண்டது. வராது என்று என் மனதில் பட்டது. அப்புறம், ஒரு சத்தமும் இல்லாமல், சாம்பல் நிறப் போர்வை ஒன்று காற்றில் மிதந்து இறங்குவதுபோல அது வந்து தண்ணீரில் நின்றது. பசியோடு நான்கடி நடந்தது. நின்றது. குளத்துக்காரர் அதைத் திரும்பியே பார்க்கவில்லை. வலையை இழுத்தார். மீன்கள் கலைந்தன. அது கழுத்தை நீட்டி, கட்டிய அலகால் தண்ணீரைக் குத்தியது. ஒன்றும் கிடைக்காமல் நிமிர்ந்தது. மறுபடி குத்தியது. என் பக்கத்தில் மருத்துவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணி தனக்குள்ளேயே முணுமுணுத்தார். "அப்படியே இருங்க... ஆடாதீங்க..."

நாரையிடம் சொன்னாரா, குளத்துக்காரரிடம் சொன்னாரா தெரியாது. குளத்துக்காரர் வலையை இலையோடு தூக்கினார். தினமும் தூக்குகிற அதே உயரம். வலை கரைப்பக்கம் போவதற்குப் பதிலாக மெல்லச் சுழன்று நாரை மேல் கவிழ்ந்தது. தண்ணீர் வெடித்தது. கூச்சலும் இல்லை, அந்தப் பறவையால் கத்தவும் முடியாது. இறக்கை அடிக்கும் சத்தமும் சேறும்தான். நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது குளத்துக்காரர் இடுப்பளவு தண்ணீரில் மண்டியிட்டு, நாரையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். ஒரு கை தலைக்குப் பின்னால், ஒரு கை இறக்கையைச் சுற்றி, சொல்லிக்கொடுத்தபடியே. கூலிங் கிளாஸ் குளத்தோடு போய்விட்டது. அவர் அழுதுகொண்டிருந்தார். "இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்" என்று அதன் காதுப்பக்கம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவ்வளவு பக்கத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. சாம்பல் என்று நாம் சொல்லும் முதுகு சாம்பலே இல்லை, நீலமும் வெள்ளியும் கலந்து ஏதோ ஒரு நிறம். இறகில் விரல் பட்டால் மாவு மாதிரி ஒட்டியது. அந்த மாவைப் பூசித்தான் இறகின் பிசுக்கைச் சுத்தம் செய்துகொள்ளும் என்று மருத்துவர் பின்னால் சொன்னார். மஞ்சள் கண் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. கெஞ்சல் எதுவும் அதில் இல்லை. மருத்துவர் மெல்லிய கத்தரியால் நரம்பை வெட்டினார். இரண்டு சுற்று, அண்ணி சொன்னபடியே. அலகின் ஓரத்தில் குன்றிமணி அளவு தூண்டில் முள் ஒன்று செருகியிருந்தது, அதையும் எடுத்தார். அலகு திறந்தது. உள்ளே வாய் வறண்டு வெளிறியிருந்தது.

புதர் வேலிக்குப் பின்னாலிருந்து யாரோ கைதட்ட ஆரம்பிக்க, பீரங்கி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தக் காலையின் படம் ஒன்றுகூட யாரிடமும் கிடையாது. பீரங்கிக்கு அது இன்னும் வயிற்றெரிச்சல்தான். எந்தக் கோணத்தில் எடுத்திருக்கலாம் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லுவார்.

மருத்துவர் சில நாட்கள் வைத்திருந்து, மீன் கொடுத்துத் தேற்றித் திரும்பக் கொண்டுவந்தார். பெட்டியைத் திறக்கும் உரிமை குளத்துக்காரருக்கு என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்று தள்ளி நின்றுகொண்டார். அண்ணிதான் திறந்தார். மேனேஜர் வெளியே வந்து, ஒரு தடவை உடம்பை உதறி, கிளம்பித் திட்டுக்குப் போனது. போகும்போது குளத்துக்காரர் நின்ற பக்கத்தைச் சுற்றிக்கொண்டு போனது. எல்லோரும் அதைக் கவனித்தோம். கொஞ்ச நேரத்தில் எதிர்க்கரையில் இறங்கி நின்றது. நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பிறகு கழுத்து பாய்ந்தது. உள்ளங்கை நீள மீன் அலகில் வெள்ளியாகத் துள்ளியது. அது தலையை உயர்த்தி விழுங்க, அந்தக் கழுத்தில் மீன் மேடாக இறங்குவதை நாங்கள் மேலிருந்து கீழ்வரை பார்த்தோம். என் வாழ்க்கையில் ஒருவர் சாப்பிடுவதை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

அண்ணி சொன்னது அப்படியே நடந்தது. அதன்பிறகு குளத்துக்காரர் தண்ணீரில் கால் வைத்தால் மேனேஜர் பறந்துவிடும். பச்சை பூட்ஸைத் தூரத்தில் கண்டாலே போதும். படம் எடுக்கிற எங்களைக்கூடச் சகித்துக்கொண்டது, அவரை இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு தன் பாட்டுக்கு வேலை செய்தார். வருத்தமா என்று நான் ஒரு நாள் வாயைக் கொடுத்தேன். "மேலதிகாரி தொல்லை இல்லாம இப்பதான் நிம்மதியா வேலை செய்யறேன்," என்றார். ஆனால் வலையை இழுக்கும்போது பழக்கதோஷத்தில் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வார். அண்ணி அதைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

மழை வந்து போனது. திட்டு மரங்களில் நாரைகள் கூடு கட்டின, குஞ்சுகள் வளர்ந்தன, குளத்தில் இப்போது மூன்று நான்கு நாரைகள் நிற்கின்றன. நரம்பு அறுத்த தழும்பை வைத்து மேனேஜர் எது என்று கொஞ்ச நாள் கண்டுபிடிக்க முடிந்தது. அலகு வளர வளரத் தழும்பும் மறைந்துவிட்டது. இப்போது ஒரு நாரை குளத்துக்காரர் வலை இழுக்கும்போது பத்தடி தள்ளி நிற்கிறது. சில நாள் எட்டடி. அதுதான் மேனேஜர், கோபம் தணிந்துவிட்டது என்று அண்ணி அடித்துச் சொல்கிறார். கண்ணுக்கு மேலே உள்ள பட்டையின் வளைவைப் படத்தில் காட்டி நிரூபிக்கவும் பார்க்கிறார். குளத்துக்காரர் ஒப்புக்கொள்வதில்லை. அது போன வருஷத்துக் குஞ்சு, விவரம் தெரியாமல் நிற்கிறது, மேனேஜர் அதோ எதிர்க்கரையில் இருப்பதுதான் என்கிறார்.

காலையில் நான் ஸ்டாண்டை விரித்து வைக்கும்போதே இருவருக்கும் இந்த வழக்கு ஆரம்பித்துவிடும். பீரங்கி அண்ணி பக்கம், மருத்துவர் எப்போதாவது வந்தால் குளத்துக்காரர் பக்கம். என்னிடம் கேட்டால் நான், டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லி, குளத்தைச் சுற்றி ஒரு நடை போய்வருவேன்.